ஒருகுளிப் பொட்டலம்

போன வாரம் மருமகள் முகத்துக்கு நேரே ரசக் கிண்ணத்தை வீசி அடித்தேன்.

வாயைப் பிளக்காதீர்கள். உங்கள் வீடுகளில் என்னென்ன பறக்கிறது என்று எனக்கும் தெரியும். நம் வயதில் கையில் வலு இல்லாததால் பெரும்பாலும் குறி தவறிவிடும், எனக்கும் தவறியது. கிண்ணம் சுவரில் பட்டு உருண்டது. ரசம் அவள் புடவையில் தெறித்தது. குனிந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ‘இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று’ என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற பார்வை.

அந்தப் பார்வையை நான் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் அத்தையின் முகத்தில்.

மருமகள் நல்லவள்தான். துணி அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன வாசனைப் பைகளைத் திணித்து வைத்திருப்பாள். குளியலறை ஜன்னலில் ஷாம்பூப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். ஒன்றைக் கிழித்தால் ஒரு குளி, அவ்வளவுதான், குப்பைக்குப் போய்விடும். இதையெல்லாம் ஏதோ பம்பாய்க் கம்பெனிக்காரன் கண்டுபிடித்ததாக அவளுக்கு நினைப்பு. போடி போ. எங்கள் அத்தை கரமனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதைச் செய்தபோது உன் கம்பெனிக்காரன் பிறந்திருக்கவே மாட்டான்.

கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில், அக்ரகாரத்துக்கு அடுத்தாற்போல எங்கள் வீடு. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பச்சை மருந்தும் வாசனைச் சரக்கும் விற்ற குடும்பம். கடை பெரியப்பாவுடையது. அப்பா அவருக்குத் தம்பி. கல்லாவில் உட்கார மாட்டார், தராசுப் பக்கம் நின்றே காலத்தை ஓட்டியவர். அத்தை அவர்கள் இருவருக்கும் தங்கை. கல்யாணமான சூட்டிலேயே புருஷனைப் பறிகொடுத்து வெள்ளைப் புடவையோடு திரும்பி வந்தவள். என்னைப் பெற்றவள் பிரசவத்தில் போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு போக்கிடம் இரண்டு பேருக்கும் கிடையாது.

பெரியப்பாவைச் சாலையில் ‘மூக்கு அண்ணாச்சி’ என்பார்கள். கேலியில்லை, மரியாதை. சுக்கு மூட்டையை அவிழ்க்காமலே எந்த மலைச் சுக்கு என்று சொல்வார். சந்தனத் தைலத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் கலந்திருந்தாலும் பிடித்துவிடுவார். மற்றக் கடைக்காரர்கள் சரக்கு இறக்குவதற்கு முன் வண்டியை எங்கள் கடை வாசலில் நிறுத்தி, “அண்ணாச்சி, ஒண்ணு மோந்து பாத்துச் சொல்லணும்” என்று காத்து நிற்பார்கள். ராஜா காலம் போய் மந்திரி காலம் வந்த புதிது. எத்தனை மந்திரி மாறினாலும் சாலையில் அந்த மூக்கின் ஆட்சி மாறாது என்று இருந்தோம்.

எங்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு. ஒன்று வாசனைக் கிழி. மெல்லிய மல் துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை. உள்ளே வெட்டிவேர், பூலாங்கிழங்கு, சந்தனச் சிராய், மருக்கொழுந்து, ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம். கல்யாணப் பட்டு வைக்கிற பெட்டியில் மடிப்புக்கு ஒன்றாக வைப்பார்கள். மற்றது ஒருகுளிப் பொட்டலம். அது அத்தையின் சொந்த யோசனை. ஆற்றுக்குக் குளிக்க வருகிற பெண்கள் பொடி டப்பாவைக் கரையில் வைத்துவிட்டு நனைந்துபோகிறதே என்று தவிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு குளிக்கு மட்டும் காணும்படி வாசனைப் பொடியை வாழைச் சருகில் மடித்து, மேலே மலையாளப் பத்திரிகைத் தாள் சுற்றி, வாழை நாரால் கட்டினாள். கரையில் உட்கார்ந்து பல்லால் நாரைக் கடித்து அறுத்துக் கையில் கொட்டிக்கொள்ள வேண்டியதுதான். சருகும் தாளும் ஆற்றோடு போகும். மஞ்சள் பொடி அப்பிய மந்திரிமார் முகங்கள் கரமனை ஆற்றில் மிதந்து போவதைப் பார்த்து நாங்கள் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்போம்.

கிழியோ பொட்டலமோ, பெரியப்பாவின் மூக்கைத் தாண்டாமல் வாய் கட்டக்கூடாது. அதுதான் எங்கள் கடையின் முறை. அத்தை எல்லாவற்றையும் நிரப்பி, கட்டாமல், முறத்தில் வரிசையாக வைத்திருப்பாள். பெரியப்பா குளித்துத் திருநீறு பூசி வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோவார். தலையசைத்தால் நூல். உதட்டைச் சுழித்தால் கொட்டிவிட வேண்டும். “அண்ணாச்சி மூக்கு வச்ச கிழிதானா?” என்று கேட்டுத்தான் பெரிய வீட்டுக்காரர்கள் வாங்குவார்கள்.

நாளெல்லாம் அதில் அளைந்த அத்தைக்குக் குளிக்க வெறும் பயற்றமாவுதான். தாலி இழந்தவள் வாசனை பூசக்கூடாதல்லவா. ஆனால் மணம் முறையெல்லாம் பார்க்குமா? அவள் விரலிலும் முடியிலும் முந்தானையிலும் அது ஏறிக் கிடந்தது. அந்த முந்தானையை மூஞ்சிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

அந்த வருஷம் வைகாசி நடுவில், இடவப்பாதி மழையோடு ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது. பெரியப்பா படுத்தார். கண் செருகி, நாக்கு வெளுத்து, பிழைப்பாரா மாட்டாரா என்று வீடே நடுங்கிக் கிடந்தது. அத்தைதான் ராப்பகலாக நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள். ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தார். பத்தியம் முடிந்த அன்று, “உள்ளித் தீயல் வை” என்று பெரியம்மாவிடம் கேட்டார். அவருக்கு உயிரான குழம்பு அது. தேங்காய் வறுபடும்போதே சந்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

“இது என்னட்டி? மண்ணைக் கரைச்சா ஊத்தி வச்சிருக்கே?”

“நல்லாத்தானே இருக்கு, எப்பவும் வைக்கப்பட்ட மாதிரி...” பெரியம்மா சொல்லி முடிக்கவில்லை. வெண்கலச் சட்டி பறந்து வந்து அவள் நெற்றியில் விழுந்தது. புருவம் பிளந்து ரத்தம் இலையில் இருந்த சோற்றில் சொட்டியது. அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் தீயல் என்றால் அந்தச் சிவப்புச் சோறுதான் ஞாபகம் வருகிறது, சவம்.

அதிலிருந்து ஒரு வேளைகூட அமைதியாகக் கழியவில்லை. சாம்பார் சுவரில் வழியும். மோர்க்குழம்பு முற்றத்தில் கிடக்கும். கரண்டியைப் பிடுங்கிப் பெரியம்மாவின் கைமுட்டியில் அடிப்பார். “என்னைக் கொல்லப் பாக்கியளா? எல்லாருமாச் சேந்து என்னைக் கொல்லப் பாக்கியளாட்டி?” என்று கத்துவார். நான் கவளம் கவளமாக விழுங்கிவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடக் கற்றுக்கொண்டேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஏழரைச் சனி என்றார்கள். யாரோ சோற்றில் கைவிஷம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், வாந்தி எடுக்க வைத்தால் சரியாகும் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரி, தான் சொன்னதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பெரியம்மா அடிபட்ட கையோடு அடுப்பைக் கவனிக்க முடியாமல் விட்டுவிட்டாள். வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். வேறு பால் இல்லை. பெரியப்பா காப்பிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டு, “நான் மாட்டேன், என்னைச் சவட்டிக் கொன்னுருவாரு” என்று அழுதாள். அத்தை, “மயினி, நான் கொண்டு போறேன்” என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

பெரியப்பா காப்பியை வாங்கி மடமடவென்று குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். “போ” என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் அத்தை காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரை அந்தப் பார்வை பார்த்தாள்.

சிங்க மாசம், அதாவது ஆவணி, பிறந்தால் கல்யாணங்கள். கோட்டைக்குள் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கிழிகள் வேண்டும் என்று காரியஸ்தர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். மழை விட்டபாடில்லை. வந்து இறங்கிய வெட்டிவேர் நசநசவென்று இருந்தது. அத்தை ஒரு பிடியை மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அண்ணே, வேருல ஈரம் நிக்கு. பூத்த வாடை அடிக்கு. நாலு நாள் அடுப்பு அனல்ல காயவச்சுக் கட்டுவோம்.”

பெரியப்பா கிழியை வாங்கிக் கண்ணை மூடி மூக்கருகே வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு தலையசைத்தார். “ஒண்ணும் இல்ல. கட்டு.”

“இல்லண்ணே, நல்லாப் பாருங்க. பட்டுக்குள்ள வைக்கப்பட்டது...”

பளார் என்று விழுந்தது அறை. முறம் கவிழ்ந்து கிழிகள் தரையெல்லாம் சிதறின.

“எனக்கே மூக்கு சொல்லித்தாறியாட்டி? தாலியறுத்த முண்டை, எனக்கே சொல்லித்தாறியா?”

அத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாக நூல் கட்டினாள். எனக்கே அந்தப் பூஞ்சை வாடை தெரிந்தது. ஆனால் பாருங்கள், பெரியப்பா தலையசைத்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதுவும் ஏதோ உயர்ந்த ரக வாசனை போலிருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன். அப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார், இல்லாவிட்டால் நினைத்துக்கொள்ள முயன்றிருப்பார். ஊரே அந்த மூக்கை நம்பியபோது எங்கள் மூக்கு எம்மாத்திரம்.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் அரை நாள். நான் கடைக்குப் போய் அப்பாவோடு வீடு திரும்புவேன். அப்படி ஒரு சனிக்கிழமை, கடை வாசலில் கூட்டமான கூட்டம். கோட்டை வீட்டுக் காரியஸ்தர் ஒரு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். எங்கள் கிழிகள், பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்து, ஈரமாக, கல்லாப் பலகைமேல் விழுந்தன.

“எந்தா பிள்ளே இது? கல்யாணப் புடவ முழுவனும் நாறிப்போயி! பெண்ணினு அது உடுக்கான் பற்றுமோ?” கல்யாணப் பெண் இதை எப்படி உடுப்பாள் என்று கத்தினார்.

ஒரு கிழியை எடுத்துப் பெரியப்பாவின் முகத்தில் எறிந்தார். அது சரியாக மூக்கில் பட்டு விழுந்தது. சாலையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ பின்னாலிருந்து, “மூக்கு அண்ணாச்சிக்கு மூக்கு அடைப்போ?” என்றான். ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது.

பெரியப்பாவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். “என் வீட்டுலயே கள்ளி இருக்கா” என்றார். “நான் மூக்கு வச்சது நல்ல சரக்கு. நல்ல வேரை எடுத்து வித்துட்டு அழுகலை வச்சுக் கட்டியிருக்கா. இன்னைக்கு அவளுக்கு இருக்கு.”

அப்பா தராசுப் பக்கம் நின்றார். அவருக்குத் தெரியும், அத்தை சொன்னதும், அதற்கு அறை வாங்கியதும். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தை முற்றத்தில் உட்கார்ந்து பொடி சலித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரச் சந்தைக்குப் புதுச் சரக்கு. அவளே அனலில் காயவைத்து இடித்தது. அவள் கையிலிருந்த சல்லடையைப் பிடுங்கி அவள் தலையிலேயே இறக்கினார். சட்டம் உடைந்தது. உடைந்த சட்டத்தால் முதுகில் அடித்தார். அவள் சுருண்டு விழுந்ததும் செருப்புக் காலால் மிதித்தார். பெரியம்மா குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது. அத்தை அலறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அண்ணே, அண்ணே” என்று மட்டும் ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். வாயிலிருந்து ரத்தமும் பொடியும் குழம்பி வழிந்தது.

பிறகு வீட்டில் இருந்த கிழி, பொட்டலம் எல்லாவற்றையும் கூடை கூடையாக வாசலில் கொட்டினார். மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சி கிழித்தார்.

முதலில் மண்ணெண்ணெய் வாடைதான் வந்தது. அது எரிந்து தீர்ந்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு மணம்! நான் அதுவரையிலும் அதற்குப் பிறகும் அப்படியொன்றை முகர்ந்ததில்லை. வெட்டிவேரும் சந்தனமும் கற்பூரமும் ஒன்றாகப் பற்றி, நீலப்புகையாகச் சந்து முழுக்கப் பரவி, ஆற்றங்கரை வரைக்கும் போனது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரப்புடவையோடு ஏறி வந்தார்கள். அக்ரகாரத்திலிருந்து எங்கள் வாடிக்கைக்கார மாமி ஓடி வந்தாள்.

“என்னடி கொழந்தே, தெருவே மணக்கறதே! ஒங்காத்துல என்ன விசேஷம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அத்தை கிடந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் புகைக்கு நட்டநடுவே நின்றுகொண்டு பெரியப்பா கூவினார்: “பாத்துக்கிடுங்க! வெறும் மரத்தூள்! ஒரு பொட்டு மணம் உண்டா? இவ திருடி!”

ஒருத்தரும் பேசவில்லை. பைத்தியம் என்று நினைத்தார்களோ, அவ்வளவு பெரிய மூக்கே சொல்லும்போது நமக்கு ஏன் வம்பு என்று நினைத்தார்களோ. கூட்டத்தின் மௌனம் அவரை இன்னும் கிளப்பிவிட்டது. எரியாமல் உருண்டு கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிய்த்து அப்பாவின் மூக்கில் அழுத்தினார்.

“லேய், நீ சொல்லு. மணம் உண்டா?”

அப்பாவின் மீசையெல்லாம் மஞ்சள் பொடி. கண்ணில் நீர். தங்கை காலடியில் கிடக்கிறாள்.

“இல்லண்ணே” என்றார்.

“ஏட்டி, நீ?”

பெரியம்மா தலையை ஆட்டினாள். “இல்ல.”

அடுத்து நான். என் முகத்துக்கு நேரே அந்தப் பொட்டலத்தை நீட்டினார். நான் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கேட்டார், சொன்னேன்.

“மணக்கு பெரியப்பா. அத்தை மாதிரி மணக்கு.”

அவர் கை வந்ததை நான் பார்க்கவில்லை. இடது காதில் இடி விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் உலகமே ஒரு பக்கமாக ஓய்ந்துபோயிருந்தது. காதிலிருந்து சூடாக என்னவோ கழுத்தில் இறங்கியது. அவர் மறுபடியும் கையை ஓங்கினார். “மணக்கா? இன்னொரு மட்டம் சொல்லு, மணக்கா?”

அதுவரை எழுந்திருக்க முடியாமல் கிடந்த அத்தை எப்படித்தான் எழுந்தாளோ, வந்து என்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

“பிள்ளைய விடுங்கண்ணே! நான்தான் மாத்தினேன். நல்ல வேரை வித்துட்டு மரத்தூள் வச்சேன். நான் திருடி. பிள்ளைய விடுங்க.”

பெரியப்பாவின் கை இறங்கியது. அவர் முகத்தை நான் அத்தையின் கைக்கு அடியிலிருந்து பார்த்தேன். கோபம் போய்விட்டது. தப்பித்தவன் முகமாக இருந்தது. “கேட்டியளா? கேட்டியளா எல்லாரும்?” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

பிறகு அத்தையின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே தள்ளினார். பின்னாலேயே அவளுடைய தகரப் பெட்டி போய் விழுந்து வாய் பிளந்தது. நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அப்பாதான் என்னைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன், ரத்தம் வரக் கடித்தேன். விடவில்லை. அண்ணனைப் பிடிக்கத் துணியாத கை, என்னை மட்டும் எவ்வளவு கெட்டியாகப் பிடித்தது!

மாமிதான் அத்தையைத் தாங்கிக் கூட்டிப் போனாள். “மாட்டுக் கொட்டில் பக்கத்துல ஒரு அறை சும்மாக் கெடக்கு, இருந்துக்கோ. பேசாதே, வா” என்று அவள் சொன்னது என் நல்ல காதில் விழுந்தது.

அதோடு அந்தச் சந்துக்குள் அத்தை வரக்கூடாது, அக்ரகாரத்துப் பக்கம் நான் போகக்கூடாது. ஆற்றங்கரையில் அவள் பொட்டலம் விற்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். ‘திருடியின் பொட்டலம்’ என்றுதான் அதற்குப் பெயர். வாங்கவும் வாங்குவார்கள், சொல்லவும் சொல்வார்கள். நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா. பெரியம்மா அவர் கைக்குப் பயந்து பயந்து சமைத்தாள். பெரியப்பா வாசனைச் சரக்கையே தலைமுழுகிவிட்டார். “அதுல துரோகம் பாத்தாச்சு, இனி வேண்டாம்” என்றார். மிளகு, கொப்பரை, புளி, கண்ணால் பார்த்து வாங்குகிற சரக்குகள் மட்டும்தான் கடையில். வேறு கடைக்காரர்கள் மோந்து பார்க்கக் கூப்பிட்டால், “அந்தக் காரியத்தை விட்டாச்சு” என்று கௌரவமாகச் சொல்வார். மானஸ்தன் என்று சாலை அவரை மெச்சியது.

அப்படி ஆறேழு வருஷம் ஓடி, நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் பெரியப்பா செத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குவது அவர் வழக்கம். கொப்பரை மூட்டை ஒன்று எப்படியோ கங்கு பிடித்து, எரியாமல், புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. முன் கடையில் இருந்தவர்களுக்கு வாடை வந்தது. எதிர்க்கடைக்காரனுக்கு வாடை வந்தது. எல்லாரும் ஓடி வந்து கதவைத் தட்டி, தட்டி, கடைசியில் கடப்பாரையால் உடைத்தார்கள். அவர் கட்டிலில் ஒருக்களித்தபடியே கிடந்தார். முகம் கறுத்திருந்தது. தெருவுக்கே தெரிந்த வாடை, உள்ளே இருந்த மூக்கு அண்ணாச்சிக்குத் தெரியாமல் போனது எப்படி என்று ஊர் வாயில் விரல் வைத்தது. விதி என்று சொல்லி முடித்துக்கொண்டது.

எப்படி என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

ரசம் வீசிய மறுநாள் மருமகள் என்னை இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். “அத்தே, போன மாசம் வந்த அந்தக் காய்ச்சலுக்கப்புறம் நீங்க சோத்தைத் திட்டாத நாளில்ல. நேத்து கேஸ் கசியுது, பக்கத்துல நின்னு பூக் கட்டிட்டிருக்கீங்க” என்றாள். டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டினார். காப்பிப்பொடியாம். கிராம்பாம். கற்பூரமாம். எனக்கு எல்லாம் வெறும் காற்று. “மணம் போயிருக்கு அம்மா. காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும். சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் மட்டும் தெரியும், ருசி தெரியாது. கோபம்கூட வரும்” என்றார்.

நான் அந்த நாற்காலியிலேயே கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். நான் எனக்காக அழுகிறேன் என்று நினைத்து மருமகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்காகவா அழுதேன்? தீயல், கருகிய பால், பூத்த வேர், அந்தப் புகை, அந்தப் புகைக்கு நடுவே நின்ற ஆள் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

பாவம் என்று தோன்றுகிறதா என்று கேட்பீர்கள். தோன்றுகிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும். மூக்கை வைத்துப் பிழைத்த மனுஷன். அது போயிற்று என்று தெரிந்தால் கடை போகும், பெயர் போகும். பயத்தில் அவர் எத்தனை நாள் வெறும் துணியை மோந்துகொண்டு கண்ணை மூடித் தலையசைத்திருப்பார். ஆனால் அவருக்குத் தெரியும். அதை நான் மன்னிக்க மாட்டேன். தனக்கு மணம் தெரியவில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான், தங்கையைத் திருடி என்று தெருவில் தள்ளினார். அவளுக்கும் தெரியும், அந்தக் காப்பி டம்ளரைத் திருப்பி வாங்கிய நாளிலிருந்தே. “எங்க அண்ணனுக்கு மூக்கு செத்துப்போச்சு” என்று ஒரே ஒரு வார்த்தை அன்று தெருவில் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். கடை மூழ்கியிருக்கும். அந்தக் கடைச் சோற்றில்தான் நான் வளர வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு திருடியாகப் போனாள்.

அவள் வாய் திறந்தது பெரியப்பாவைக் கிடத்தியிருந்த அன்றுதான்.

கூடத்தில் வாழையிலைமேல் கிடத்தி, காலில் கட்டுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். சாலையே வந்திருந்தது. அத்தை வாசலில் வந்து நின்றாள். யாரும் தடுக்கவில்லை. பாதி நரைத்த தலை, முதுகில் ஒரு கூன்; அந்தச் சல்லடைச் சட்டத்தின் வேலை. நேரே போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

“அண்ணே, மோந்து பாருங்க.”

ஒப்பாரி நின்றுவிட்டது.

“இப்பவாவது சொல்லுங்கண்ணே. மணக்கா, இல்லியா?” பொடியை அவர் மூக்கிலும் வாயிலும் கொட்டி அழுத்தினாள். “சொல்லுங்க! மரத்தூளா இது? எல்லாரும் கேக்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க! மணக்கா?” அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்தாள். செத்த உடம்பு குலுங்கியது. ஆண்கள் நாலு பேர் வந்து அவளை இழுத்தார்கள். துக்கம் தாங்காமல் புத்தி கெட்டுவிட்டது என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூடம் முழுக்க அந்த மணம்.

அப்போது அப்பா தலையில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் அவர் சத்தம் போட்டுப் பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“மணக்கு, தங்கச்சி! அன்னைக்கும் மணத்துது! எனக்குத் தெரியும், அன்னைக்கும் மணத்துது!”

அத்தை பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் கையை ஓங்கி அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அந்த அறையின் சத்தம், என் வலது காதில் நன்றாகவே கேட்டது.